கடிகாரச் சர்க்யூட்டுக்கு வயதானால் நேரம் ஏன் நழுவுகிறது?

எந்த மின்னணுக் கடிகாரத்தைத் திறந்தாலும் உள்ளே நடப்பது எண்ணும் வேலைதான். ஏதோ ஒன்று ஒரே சீராக அதிர்ந்துகொண்டிருக்கும். இன்னொரு சர்க்யூட் அந்த அதிர்வுகளை எண்ணி, இத்தனை ஆனால் ஒரு நொடி என்று கணக்கு வைக்கும். எண்ணுகிற பகுதி டிஜிட்டல். அதற்கு முதுமை என்பதே கிட்டத்தட்ட கிடையாது. பத்து வருடம் கழித்தும் 32,768 துடிப்புகளை 32,768 என்றே எண்ணும். வயதாவது அதிர்கிற பகுதிக்கும், அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு மூன்று உதிரிபாகங்களுக்கும்தான். வாங்கிய புதிதில் சரியாக ஓடிய கடிகாரம் சில வருடத்தில் மாதாமாதம் நொடிக்கணக்கில் விலகுகிறது என்றால் அங்கேதான் தேட வேண்டும்.

பெரும்பாலான கடிகாரங்களில் அதிர்கிற பொருள் ஒரு குவார்ட்ஸ் படிகம். கைக்கடிகாரம், கணினியின் மதர்போர்டு, மைக்ரோகன்ட்ரோலர் (ஒரே சிப்புக்குள் அடங்கிய குட்டிக் கணினி) பலகை என்று எங்கு பார்த்தாலும் இதுதான். குவார்ட்ஸுக்கு மின்னழுத்தம் கொடுத்தால் அது மிக லேசாக வளையும். வளைத்தால் பதிலுக்கு மின்னழுத்தம் தரும். இந்தக் கொடுக்கல் வாங்கலை ஒரு ஆம்ப்ளிஃபையரோடு சுற்றி இணைத்தால் படிகம் தன் இயல்பான வேகத்தில் அதிர ஆரம்பித்துவிடும். கடிகாரப் படிகங்கள் இசைக்கவையின் வடிவத்தில் வெட்டப்பட்டவை, நொடிக்கு 32,768 முறை அதிர்பவை. இந்த எண்ணில் மந்திரம் ஒன்றும் இல்லை. இரண்டை 15 முறை அடுக்கிப் பெருக்கினால் வருவது 32,768. பாதியாக்கும் சர்க்யூட்டை 15 முறை வரிசையாக வைத்தால் கடைசியில் நொடிக்கு ஒரு துடிப்பு கிடைத்துவிடும்.

முதல் குவார்ட்ஸ் கடிகாரத்தை 1927-இல் பெல் ஆய்வகத்தில் வாரன் மாரிசனும் ஜே. டபிள்யூ. ஹார்ட்டனும் உருவாக்கினார்கள். அதைக் கைக்கடிகார அளவுக்குச் சுருக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தது சீகோ (Seiko) நிறுவனம். 1969 டிசம்பர் 25 அன்று வெளியான அதன் 'ஆஸ்ட்ரான்' மாதத்துக்கு 5 நொடிக்கு மேல் விலகாது என்றது. அன்றைக்கு அது பெரிய விஷயம்.

முதலில் ஒரு அளவுகோல்

படிகத்தின் பிழையைப் பிபிஎம் என்ற அலகில் சொல்வார்கள். பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்று பொருள். ஒரு நாளில் 86,400 நொடி. ஆகவே 1 பிபிஎம் பிழை என்றால் நாளுக்கு 0.0864 நொடி, வருடத்துக்கு ஏறத்தாழ 31.5 நொடி. சாதாரணப் படிகத்தின் தரவுத்தாளில் (தயாரிப்பாளர் தரும் விவரக்குறிப்பில்) ±20 பிபிஎம் என்று போட்டிருக்கும். கேட்க அற்பமாக இருந்தாலும் அது மாதத்துக்கு 52 நொடி வரை போகும்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கணக்கு. மைக்ரோகன்ட்ரோலருக்குள்ளேயே இருக்கும் ஆர்சி ஆஸிலேட்டர், அதாவது ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் வைத்துத் துடிப்பு உண்டாக்குவது, 1 சதவீதத் துல்லியம் தந்தாலே நல்லது என்பார்கள். 1 சதவீதம் என்றால் 10,000 பிபிஎம், நாளுக்கு 14 நிமிடத்துக்கும் மேலே. எல்இடி மினுக்க அது போதும். கடிகாரத்துக்கு ஆகாது.

ஒரு கடிகாரத்தின் பிழை மூன்று இடங்களிலிருந்து வருகிறது. பிறப்பிலேயே உள்ள விலகல் ஒன்று. வெப்பநிலையால் ஏறி இறங்குவது இன்னொன்று. காலப்போக்கில் மெல்ல நகர்வது மூன்றாவது. இதைத்தான் முதுமை என்கிறோம். முதலாவது பிரச்சினையே இல்லை என்பேன். ஒரு கடிகாரம் தினமும் சரியாக 2 நொடி முந்துகிறது, அதுவும் வருடக்கணக்கில் மாறாமல் முந்துகிறது என்றால் அது அருமையான கடிகாரம். ஒரே ஒரு முறை திருத்திவிட்டு மறந்துவிடலாம். தொல்லை தருவது பிழையின் அளவு இல்லை, பிழை மாறிக்கொண்டே இருப்பதுதான்.

இதை எண்ணில் பார்த்தால் இன்னும் புரியும். இன்று மிகச் சரியாக ஓடும் ஒரு கடிகாரம், ஒரு வருடத்தில் சீராக நகர்ந்து 3 பிபிஎம் வேகமாகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வருடத்தின் சராசரிப் பிழை 1.5 பிபிஎம், மொத்தம் 47 நொடி முந்தியிருக்கும். இரண்டாம் வருடம் நகர்வு நின்றே போனாலும், 3 பிபிஎம் அப்படியே இருப்பதால் இன்னும் 95 நொடி சேரும். நகர்வு சின்னது, அதனால் சேரும் நேரப் பிழை சின்னதாக இருக்காது. பலர் இந்த நிலையில் செய்வது நேரத்தை மட்டும் சரிசெய்வது. வேகத்தை யாரும் தொடுவதில்லை. அடுத்த மாதம் அதே விலகல் திரும்ப வந்து நிற்கும்.

படிகத்துக்கு ஏன் வயதாகிறது?

படிகத்துண்டு மிகச் சிறியது, மெல்லியது. அதன் மேல் மின்முனைகளாக மெல்லிய உலோகப் படலம் பூசி, வெற்றிடமாக்கிய ஒரு சின்ன உறைக்குள் வைத்து மூடியிருப்பார்கள். எவ்வளவு சுத்தமாகச் செய்தாலும் உள்ளே கொஞ்சம் வாயு மூலக்கூறுகள் மிஞ்சும். ஒட்டுப்பசையிலிருந்தும் உறையின் சுவரிலிருந்தும் மெல்ல மெல்லப் புதிதாகவும் வெளிவரும். அவை படிகத்தின் மேல் படியும். இசைக்கவையின் நுனியில் ஒரு பொட்டு மெழுகை ஒட்டினால் சுருதி இறங்குவது போலத்தான் இதுவும்: எடை கூடினால் அதிர்வெண் குறையும். நேர்மாறாக, ஏற்கெனவே ஒட்டியிருந்த அழுக்கு கழன்று போனால் அதிர்வெண் ஏறும்.

இரண்டாவது காரணம் இறுக்கம். படிகத்தைத் தாங்கிப் பிடிக்கும் பிடிப்பிலும், உலோகப் படலத்திலும் தயாரிக்கும்போதே ஒரு இழுவிசை தங்கிவிடும். மாதங்கள் போகப் போக அது தளரும்; தளர்ந்தால் அதிர்வெண் மாறும், மேலேயோ கீழேயோ. எடை ஒரு பக்கம் இழுக்க, தளர்ச்சி இன்னொரு பக்கம் இழுக்க, சில படிகங்கள் கொஞ்ச காலம் முந்திவிட்டு அப்புறம் பிந்தத் தொடங்குவதும் உண்டு.

நல்ல செய்தி என்னவென்றால், இந்த நகர்வு போகப் போகக் குறையும். பெரும்பகுதி முதல் வருடத்திலேயே முடிந்துவிடும். 32,768 ஹெர்ட்ஸ் படிகங்களுக்கு முதல் வருடம் ±3 பிபிஎம் என்பது தரவுத்தாள்களில் சாதாரணமாகக் காணும் எண். உயர்தரப் படிகங்களைத் தயாரிப்பாளர்களே சூட்டில் வைத்து, முதல் ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். சூடு முதுமையை விரைவுபடுத்தும் என்பதால் இது பலிக்கிறது. அதே காரணத்தால், கடிகாரப் பலகையில் சூடாகும் மின்னழுத்த ரெகுலேட்டருக்குப் பக்கத்தில் படிகத்தை வைப்பது நல்லதில்லை. சாலிடரிங் சூடுகூட அதிர்வெண்ணைச் சற்று நகர்த்திவிடும். பற்றவைத்த அன்றே துல்லியமாகத் திருத்தி உட்காருவது வீண் வேலை, சில வாரம் ஓடவிட்டுப் பிறகு தொடங்கலாம்.

இன்னொன்றும் நம் கையில் இருக்கிறது. படிகத்தை அளவுக்கு மீறி ஆட்டக்கூடாது. இசைக்கவை வடிவப் படிகங்கள் தாங்கும் திறன் பொதுவாக 1 மைக்ரோவாட் அளவுதான். சிலவற்றுக்கு அதிலும் பாதி. பலமாக ஓட்டினால் சீக்கிரம் நகரும், ரொம்ப மோசமானால் விரிசல் விட்டு உடைந்தே போகும். ஆர்டிசி சிப்புகளில், அதாவது நேரம் காக்கவே செய்த சிப்புகளில், இதைக் கணக்கிட்டே படிகத்தை ஓட்டும் பகுதியைக் கட்டியிருப்பார்கள். இன்வெர்ட்டர் ஐசி (வரும் சிக்னலைத் தலைகீழாக்கித் தரும் சிப்) வைத்து நாமே கட்டும் சர்க்யூட்டில்தான் தொடரில் ஒரு ரெசிஸ்டர் போட்டு ஆற்றலைக் குறைக்க வேண்டும்.

பக்கத்திலிருக்கும் கெப்பாசிட்டர்கள்

பழியெல்லாம் படிகத்துக்கே போய்ச் சேர்ந்தாலும், அதன் இரு கால்களிலும் தொங்கும் குட்டிக் கெப்பாசிட்டர்களுக்கும் பங்கு உண்டு. படிகம் எந்தக் கெப்பாசிட்டன்ஸோடு சேர்ந்தால் 32,768-இல் ஓடும் என்று தரவுத்தாள் சொல்லும். 12.5 பிகோஃபாரட் (கெப்பாசிட்டன்ஸை அளக்கும் சின்ன அலகு) என்பது பழைய வழக்கம். இப்போது 6, 7 பிகோஃபாரட் படிகங்களும் நிறைய வருகின்றன. 12.5-க்கான படிகத்தில் இரு பக்கமும் 22 பிகோஃபாரட் போட்டால், தொடரில் அவை 11 ஆகும். பலகையின் தடங்களும் ஐசியின் கால்களும் மீதி ஒன்றரையைத் தந்துவிடும்.

இப்படிப்பட்ட ஒரு படிகத்தில் சுமை, அதாவது அதோடு சேரும் மொத்தக் கெப்பாசிட்டன்ஸ், 1 பிகோஃபாரட் மாறினால் அதிர்வெண் சுமார் 9 பிபிஎம் மாறும். இரண்டு கெப்பாசிட்டரும் 5 சதவீதம் சுருங்கினால் சுமை அரை பிகோஃபாரட் குறைந்து கடிகாரம் 5 பிபிஎம் முந்தும். இது படிகத்தின் ஒரு வருட முதுமையைவிட அதிகம்! எக்ஸ்7ஆர் வகை செராமிக் கெப்பாசிட்டர்கள் இப்படித்தான் தானாகவே சுருங்கும்: நேரம் பத்து மடங்காகும் ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு சதவீதம். சி0ஜி வகைக்கு இந்தக் குணம் கிட்டத்தட்ட இல்லை, வெப்பநிலைக்கும் அசையாது. பிகோஃபாரட் அளவில் பெரும்பாலும் சி0ஜி-தான் கிடைக்கும் என்றாலும், வாங்கும்போது ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. பார்வைக்கு வித்தியாசமே தெரியாது.

பழைய சர்க்யூட்டுகளில் ஸ்க்ரூடிரைவரால் திருப்பும் டிரிம்மர் கெப்பாசிட்டர் இருக்கும். அழகான ஏற்பாடு, ஆனால் ஈரமும் தூசியும் அதிர்ச்சியும் சேர்ந்து அதையும் நகர்த்திவிடும். திருத்த வைத்த பாகமே திருத்தம் தேவைப்படும் பாகமாகிவிடுகிறது. இப்போது அதன் இடத்தை எண்கள் பிடித்துக்கொண்டன.

வெப்பநிலையை முதுமை என்று எண்ணிவிடக்கூடாது

இசைக்கவைப் படிகம் சுமார் 25 டிகிரி செல்சியஸில் தன் உச்ச வேகத்தில் ஓடும். அதற்கு மேலே போனாலும் கீழே போனாலும் மெதுவாகும். விலகிய டிகிரியின் வர்க்கத்தை 0.034-ஆல் பெருக்கினால் பிபிஎம்மில் பிழை வரும். 40 டிகிரியில் 15 டிகிரி விலகல், 225-ஐ 0.034-ஆல் பெருக்க, ஏறத்தாழ 7.7 பிபிஎம் பிந்தும். 10 டிகிரியிலும் அதேதான். அதாவது கோடையிலும் பிந்தும், குளிரிலும் பிந்தும். இடைப்பட்ட பருவத்தில் சரியாக ஓடும்.

இதன் விளைவு: இந்த மாத அளவையும் மூன்று மாதத்துக்கு முந்தைய அளவையும் ஒப்பிட்டு "வயதாகிவிட்டது" என்று முடிவு கட்ட முடியாது. பருவத்தின் ஆட்டம் முதுமையைவிடப் பெரியது. போன வருடம் இதே மாதத்து அளவோடு ஒப்பிட வேண்டும், அல்லது வெப்பநிலையையும் கூடவே எழுதிவைத்துக் கழித்துவிட வேண்டும். கையில் கட்டும் கடிகாரத்துக்கு இந்தத் தொல்லை குறைவு; உடல் சூடு அதை ஏறத்தாழ ஒரே நிலையில் வைத்துவிடும்.

பிழையை எப்படி அளப்பது?

ஆஸிலோஸ்கோப்பை (மின் அலையைத் திரையில் காட்டும் கருவி) எடுத்துப் படிகத்தின் காலில் அதன் புரோபை, அதாவது அளக்கும் முனையை, வைப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். செய்யாதீர்கள். புரோபே 10 பிகோஃபாரட் அளவுக்குச் சுமை ஏற்றும். அதிர்வெண் பத்து இருபது பிபிஎம் இறங்கும், சில சமயம் ஆஸிலேட்டர் நின்றே போகும். நீங்கள் அளப்பது புரோபோடு சேர்ந்த கடிகாரத்தை. பெரும்பாலான ஆர்டிசி சிப்புகளில் 1 ஹெர்ட்ஸ் அல்லது 32 கிலோஹெர்ட்ஸ் வெளியீடு ஒன்று தனியாக இருக்கும், அங்கே அளக்கலாம். அப்போதும் மலிவான ஃப்ரீக்வென்ஸி கவுன்ட்டரை (அதிர்வெண்ணை அளக்கும் கருவி) நம்ப முடியாது. அதற்குள்ளும் ஒரு படிகம் இருக்கிறது, அதற்கும் வயதாகிறது.

கருவியே இல்லாமல் அளக்கும் வழி இன்னும் துல்லியமானது, கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். இணையத்தோடு ஒத்திசைந்த ஒரு நேரத்தோடு இன்று ஒப்பிட்டு வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 30 நாள் கழித்து மறுபடி குறியுங்கள். கண்ணால் பார்த்து அரை நொடிக்குள் சொல்லிவிடலாம். 30 நாளில் 25,92,000 நொடி. அதில் அரை நொடி என்பது 0.2 பிபிஎம் மட்டுமே. நல்ல கவுன்ட்டருக்கே சவால் விடும் அளவு.

திருத்துவது

30 நாளில் 25 நொடி முந்தியது என்று வையுங்கள். 25-ஐ 25,92,000-ஆல் வகுத்தால் 9.6 பிபிஎம். இதை எப்படிக் குறைப்பது? கெப்பாசிட்டரை மாற்றலாம், ஆனால் இப்போதைய வழக்கம் படிகத்தை அதன் போக்கில் விட்டுவிட்டு எண்ணிக்கையைத் திருத்துவது. எஸ்டிஎம்32 மைக்ரோகன்ட்ரோலரின் ஆர்டிசி 32 நொடியில் வரும் 10,48,576 துடிப்புகளில் நாம் சொன்ன எண்ணிக்கையை எண்ணாமல் விழுங்கிவிடும். ஒரு துடிப்பு 0.954 பிபிஎம். 10 துடிப்பை விழுங்கச் சொன்னால் மேலே சொன்ன பிழை அடங்கிவிடும். சாதாரண குவார்ட்ஸ் கைக்கடிகாரத்திலும் இதே தந்திரம்தான்: படிகத்தை வேண்டுமென்றே சற்று வேகமாக வெட்டிவிட்டு, குறிப்பிட்ட இடைவெளியில் சில துடிப்புகளை விடச் சொல்லித் தொழிற்சாலையிலேயே எண்ணைப் பதிந்துவிடுவார்கள். துடிப்பைக் கூட்டுவதைவிட விடுவது எளிது.

வெப்பநிலைத் தொல்லையும் வேண்டாம் என்றால் டிஎஸ்3231 போன்ற சிப் இருக்கிறது. படிகமும் வெப்பமானியும் ஒரே உறைக்குள். 64 நொடிக்கு ஒரு முறை வெப்பநிலையை அளந்து, உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களைச் சேர்த்தும் விலக்கியும் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். 0 முதல் 40 டிகிரி வரை ±2 பிபிஎம். ஆனால் முதுமையை அதனால் தானாகக் கண்டுபிடிக்க முடியாது. முதல் வருடம் ±1, பத்து வருடத்தில் ±5 பிபிஎம் என்று அதன் தரவுத்தாளே சொல்கிறது. அதற்காகவே ஒரு தனி ரெஜிஸ்டர், அதாவது திருத்த எண்ணை எழுதிவைக்கும் இடம், வைத்திருக்கிறார்கள். 25 டிகிரியில் ஒரு படி ஏறத்தாழ 0.1 பிபிஎம். இங்கே குறி குழப்பும்: நேர் எண் போட்டால் கெப்பாசிட்டன்ஸ் கூடி கடிகாரம் மெதுவாகும். இன்னொரு பொறி, மின்சாரமும் பேட்டரியும் இரண்டும் போனால் இந்த எண் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். பேட்டரி மாற்றியதும் அதை மறுபடி எழுத மறந்து, "சிப் கெட்டுவிட்டது" என்று நினைப்பவர்கள் உண்டு. எண்ணை மைக்ரோகன்ட்ரோலரின் இஇப்ராமில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) சேமித்து, தொடங்கும்போதெல்லாம் எழுதச் செய்வது உத்தமம்.

வெளியிலிருந்து ஒரு நம்பகமான நேரம் கிடைத்தால் எல்லாம் தானாக நடக்கும். இணையத்திலிருந்து நேரம் வாங்கும் என்டிபி மென்பொருள் கணினியின் நேரத்தை மட்டும் திருத்துவதில்லை. படிகம் எத்தனை பிபிஎம் விலகி ஓடுகிறது என்றும் கற்றுக்கொண்டு ஒரு சின்னக் கோப்பில் எழுதிவைக்கும். இணையம் அறுந்தாலும் அந்த எண்ணை வைத்துச் சில காலம் சமாளிக்கும். அந்தக் கோப்பிலுள்ள எண்ணை மாதம் ஒரு முறை குறித்துவைத்தால் உங்கள் கணினிப் படிகத்தின் முதுமை வரைபடமே கிடைத்துவிடும், பருவ ஏற்ற இறக்கத்தோடு. ஜிபிஎஸ் துடிப்பை வைத்து ஓடும் ஆஸிலேட்டர்களிலும் இதே யோசனைதான்: குறுகிய காலத்துக்குப் படிகத்தை நம்பு, நீண்ட காலத்துக்குச் செயற்கைக்கோளை நம்பு. அந்தச் செயற்கைக்கோள்களின் ரூபிடியம், சீசியம் கடிகாரங்களும் மெல்ல நகர்பவையே. தரையிலிருந்து அவற்றுக்கும் தொடர்ந்து திருத்தம் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மின்கம்பியில் வரும் மின்சாரத்தின் அலைகளை எண்ணும் பிளக் கடிகாரங்களுக்குப் படிக முதுமை பொருந்தாது. அவை மின்வலையமைப்பின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸையே நம்புகின்றன. அதற்கும் ஆபத்து உண்டு: 2018 தொடக்கத்தில் கொசோவோ, செர்பியா இடையிலான மின்வழங்கல் சிக்கலால் ஐரோப்பிய வலையமைப்பின் அதிர்வெண் சற்றுக் குறைய, மார்ச் மாதத்துக்குள் இப்படிப்பட்ட கடிகாரங்கள் ஏறத்தாழ 6 நிமிடம் பிந்திவிட்டன.

எது முதுமை இல்லை?

முதுமை மெதுவானது, படிப்படியானது. ஒரு வாரத்தில் 10 பிபிஎம் தாவினால், அல்லது மழைநாளில் மட்டும் கடிகாரம் தடுமாறினால் ரெஜிஸ்டரைத் தொடாதீர்கள். 32 கிலோஹெர்ட்ஸ் ஆஸிலேட்டர் மிகக் குறைந்த மின்னோட்டத்தில் ஓடுவது. பலகையில் மிஞ்சிய ஃப்ளக்ஸ் (சாலிடரிங்குக்குப் பூசும் பசை) ஈரத்தை உறிஞ்சினாலே கால்களுக்கிடையே கசிவு உண்டாகி அது தள்ளாடும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பிரஷ்ஷை நனைத்துத் துடைத்து, நன்றாக உலரவிட்டுப் பாருங்கள். சிஆர்2032 பேட்டரி 3 வோல்ட்டிலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்றும் அளந்துவிடுங்கள். மின்சாரம் இருக்கும்போது சரியாக ஓடி, அணைத்து வைத்தால் மட்டும் பிந்துகிறது என்றால் குற்றவாளி அநேகமாகப் பேட்டரிதான். இரண்டும் சரியாக இருந்தும் கடிகாரம் அவ்வப்போது நின்று நின்று ஓடுகிறதா? அது திருத்தத்தைத் தாண்டிய படிகம். கழற்றிவிட்டு, அதே சுமைக் கெப்பாசிட்டன்ஸ் உள்ள புதிதைப் போடுங்கள். பழைய திருத்த எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு 30 நாள் கணக்கை முதலிலிருந்து தொடங்குங்கள்.